அச்சகம் மாறிய விவரம்

எங்கள் ஊரை ஜப்பானியர் பிடித்து ஆண்ட காலம். அச்சிடும் எந்தப் புத்தகத்துக்கும் ஜப்பானிய அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். மனுவுக்கு இரண்டு வாரத்தில் பதில் வரும் என்பது விதி. என் முதல் கதைத் தொகுப்பை அனுமதி வந்தால் போடலாம் என்றார்கள் பதிப்பகத்தார். ஐந்து மாதமாக வரவில்லை. சொந்தச் செலவில் ரகசியமாக அச்சிட, காஜா பேராங் என்ற பகுதியில் ஓர் அச்சகக்காரரைப் பிடித்தேன். நான் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தவன். அச்சகம் மாறிய விவரத்தை அலுவலகத்துக்கு முறைப்படி எழுதியும் தெரிவித்தேன்.

அச்சகக்காரர் ஒல்லி, நகமெல்லாம் மை. கோத்த ஈய எழுத்துகளை விரலால் தடவியே பிழை பிடிப்பார். முதல் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் ராணுவ லாரி நின்றது.

“கிராணியாரே, இங்க அச்சடிக்கிறது யாருக்குத் தெரியும்?”

“ஆபீசுக்கு எழுதினேன். அதானே முறை?”

“நல்லா இருக்கு உங்க முறை! என் தலை போகப் போகுது.”

கோத்த பக்கத்தை அப்படியே கவிழ்த்தார். எழுத்துகள் தரையெங்கும் சிதறின. கைப்பிரதி என் சட்டைக்குள் இருந்தது. சிப்பாய்களுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை; அவரை இரண்டு அறை அறைந்துவிட்டுப் போனார்கள்.

வீங்கிய கன்னத்தோடு எழுத்துகளைப் பொறுக்கியபடி சொன்னார்: “நாளைக்கு மறுபடி கோக்கலாம். நீங்க மட்டும் யாருக்கும் கடுதாசி போடாதீங்க.”

ஐம்பது பிரதிகள் அடித்தே கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அலுவலகத்தின் அனுமதி தபாலில் வந்தது, ஜப்பான் சரணடைந்த ஒன்பதாம் நாள்.