கிரகணத்தன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட்

எங்கள் கம்பெனியில் ‘ஆபரேட்டர் தவறு’ என்று எழுதினால் பேப்பர் திரும்பி வந்துவிடும். ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. நான் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். கெட்ட பாகம் ஒன்று வாங்குகிறவர் கைக்குப் போய்விட்டால், ஏன் போனது, அது ஏன், அதுவும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் அடிக் காரணத்தை எழுத வேண்டும். கடைசி ஏனுக்குப் பதிலாக ஒரு மனிதனைக் கைகாட்டக் கூடாது. மனுஷன் என்றால் தப்பு பண்ணத்தான் செய்வான், அவன் தப்பு பண்ணினாலும் பாகம் கெடாதபடிக்கு ஒரு வழி சொல் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பேப்பரில் அப்படி எழுதிவிட்டு வெளியே வந்து அந்த ஆபரேட்டரைத்தான் எல்லோரும் வறுத்தெடுப்போம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தனை வருடத்தில் ‘ஏன்’ என்கிற சொல்லே எனக்கு அலுத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் யாரும் என்னை ஏன் என்று கேட்கக் கூடாது, நானும் யாரையும் கேட்க மாட்டேன் என்று இருந்தேன். அந்த நிம்மதியும் மகள் பிறந்த அன்றோடு போயிற்று.

மேலுதடு பிளந்து பிறந்தாள். மூக்கின் ஒரு பக்கம் வரைக்கும் ஏறியிருந்தது பிளவு. டாக்டரம்மா பதற்றப்படவே இல்லை. கொஞ்சம் எடை ஏறட்டும், தைத்துவிடலாம், பெரியவளானால் கோடுகூடத் தெரியாது என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. “ரெண்டாவது மாசத்துலயே உதடு சேர்ந்துடணும், இதுக்குச் சேரல, அவ்ளோதான்” என்று டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்னதை. படுத்தபடியே விரல் மடக்கி மாதம் எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு ரெண்டாவது மாதம் நடந்தபோதுதான் சூரிய கிரகணம் வந்தது. அப்போது அவள் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். பேக்கிங் பிரிவில் நின்று பெட்டிக்கு டேப் ஒட்டி ஒட்டி பிளேடால் வெட்டுகிற வேலை. அவள் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கிரகணத்தின்போது கர்ப்பிணி எதையாவது வெட்டினால் பிள்ளையின் உதடு வெட்டுப்படும் என்று அந்தப் பக்கத்தில் சொல்லாத வீடு கிடையாது. அவள் அம்மா காலையிலேயே போன் செய்திருக்கிறார். போனோ லாக்கரில். கிரகணம் விட்ட பிறகு, சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

“பாக்காங்காட்டி இன்னா, இன்னிக்கு கிரகணம்னு எனக்குத் தெரியாதா? டிவில சொன்னானே. தெரிஞ்சிகினுதான போனேன்” என்றாள் என்னிடம்.

உதவிக்கு வந்த என் மாமியார் நல்ல மனுஷி. குழந்தையால் உறிஞ்ச முடியாததால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். அதை அவரைப் போலப் பொறுமையாகச் செய்ய எங்களால் முடியாது. ஆனால் கை ஊட்டும்போதே வாய் பேசும். “பிளேட வெச்சினு நின்னா வேற இன்னா ஆவும் மாப்ள? சொன்னா கேக்குறாளா?” என்பார். போன ஜென்மத்துப் பாவம் என்றும் ஒரு பெருமூச்சு விடுவார். என் அம்மா கிறிஸ்தவச்சி, கிரகணத்தை நம்பமாட்டார். அவர் பங்குக்கு, “ஏதாச்சும் மாத்திர முழுங்கினாளாடா?” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். தடுப்பூசி போடுகிற நர்ஸ் கேட்டாள். எதிர்வீட்டு அக்கா கேட்டாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வரும்போது நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேதான் வந்தேன். எப்படிக் கேட்டாலும் கடைசியில் அவளிடம் போய் நின்றது. எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன்பே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று என் வீட்டில் பிடிவாதமாக நின்றார்கள். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு மயக்கமருந்து, எதற்கும் இருக்கட்டுமே என்றார் அப்பா. அந்த ‘எதற்கும்’ என்பதை யாரும் விளக்கவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான்.

அவள் ஒரே பிடியாக மறுத்தாள். “ஆபரேஷன் முடியட்டும். இந்த மூஞ்சிய வெச்சினு கோயிலுக்கு நான் வரமாட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. பெற்ற பிள்ளையை இப்படிச் சொல்கிறாளே என்று கத்தப் போனேன். அப்புறம்தான் புரிந்தது. குழந்தையைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அடுத்த நொடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அந்த ஒரு பார்வைக்குத்தான் அவள் பயந்தாள். யார் வந்தாலும் துண்டை இழுத்துக் குழந்தையின் வாயை மூடினாள். பால் கொடுக்கும்போதுகூட அவள் நேராக அந்த முகத்தைப் பார்த்து நான் பார்க்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு வகுப்பு உண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும். பிறக்கும்போதே ஒட்டிவருகிற, ஞானஸ்நானத் தண்ணீர் கழுவுகிற ஜென்மப் பாவத்தைப் பற்றி அதில் விளக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்காத பாடம் அது. மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே பாகம் ரிஜெக்ட் என்றால் என்ன நியாயம்? இவள் காதில் பாவம் என்கிற சொல் இன்னொரு தடவை விழுந்தால் என்ன ஆவாளோ என்று முதல் நாளே போய் ஃபாதரைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்து இளவயசுக்காரர். மூன்று ஊர்க் கோயில்களுக்கு அவர் ஒருவர்தான், பைக்கிலேயே பாதி நாள் போய்விடும். கிரகணக் கதையைச் சொல்லி, அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள் ஃபாதர் என்று கெஞ்சினேன்.

“அதை விட்டுட்டு நான் என்னத்தச் சொல்ல? பெறகு தண்ணி ஊத்துதது எதுக்குன்னு கேட்டா?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மெதுவாச் சொல்லுதேன்” என்றார்.

“வந்து உக்காருறேன். தேதிலாம் குறிக்காத” என்ற நிபந்தனையோடு அவள் வந்தாள். கோயிலுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிற தகரம் போட்ட மறைக்கல்வி அறை. எங்களைத் தவிர இரண்டு தம்பதிகள், கொழுகொழு குழந்தைகளோடு. நான் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன், கண் எரிந்தது. ஃபாதர் ஆதாம் ஏவாள் கதையில் ஆரம்பித்தார். பழத்தைத் தின்ற இடம் வந்ததும் ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவன், அவனும் கூட வந்திருந்தான், “எல்லாம் பொம்பளையால வந்தது ஃபாதர்” என்று சிரித்தான். பல்லை உடைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

“அவனும்தான் தின்னான். தின்னுட்டு அவளக் கைகாட்டுனான்” என்றார் ஃபாதர், சிரிக்காமல்.

நினைத்துப் பார்த்தால் உலகத்தின் முதல் ரிப்போர்ட் அதுதான். ஏன் தின்றாய் என்றதற்கு அவன் அவளைச் சொன்னான். அவளைக் கேட்டதற்கு அவள் பாம்பைச் சொன்னாள். பாம்பை மட்டும் கடவுள் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் அலுத்திருக்கும்.

பிறக்கிற எல்லோரும் அந்தக் குறையோடுதான் பிறக்கிறோம் என்று ஃபாதர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் அவள் நிமிர்வது தெரிந்தது.

“எல்லாக் கொழந்தைக்குமா ஃபாதர்?”

“எல்லாக் குழந்தைக்கும்.”

“நல்லா கீற கொழந்தைக்கும்?”

“ஆமா.”

“தோ, இந்தக் கொழந்தைக்கும்?” கொழுகொழு குழந்தைகளில் ஒன்றைக் காட்டிக் கேட்டாள். அதன் தாய் முகம் சுளித்துப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

“அதுக்கும்தான். எனக்கும் இருந்துச்சு. ஆண்டவரையும் மாதாவையும் தவிர்த்து பூமியில பிள்ள பெத்த, பிள்ளையாப் பொறந்த எல்லாத்துக்கும்.”

“அது அம்மா பண்றதால வர்றதா?”

“இல்லம்மா. அம்மாவும் பண்ணல, பிள்ளையும் பண்ணல. நமக்கெல்லாம் முந்தியே ஆகிப்போனது.”

“நான் டேப்பு வெட்டினாலும், வெட்டாங்காட்டியும்?”

அறையில் மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபாதர் என்னைப் பார்த்தார். “நீங்க எதை வெட்டுனாலும், வெட்டாட்டாலும்” என்றார்.

“அப்ப முழுசா ஒரு கொழந்தையும் வர்றதில்ல” என்றாள். யாரிடமும் கேட்பதுபோல இல்லை. தானே கணக்குத் தீர்த்துக்கொண்டது மாதிரி இருந்தது.

பாவம் வேறு, உதடு வேறு. ஃபாதருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். ஃபாதராவதற்குப் படித்த குருமடத்தில் இரண்டையும் இப்படிக் கலந்து சொல்லியிருந்தால் அவரைப் பெயிலாக்கியிருப்பார்கள். “அதாவதும்மா...” என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நானும் திருத்தவில்லை. அந்த மனுஷன் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. எல்லோரும் அவளிடம் ஒரு காரணம் கேட்டுக்கொண்டிருந்தபோது, குற்றத்தை உலகம் பூராவுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது எனக்குப் பிடிக்காத அந்தப் பாடம்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஆட்டோக்கள் எல்லாம் நிறைந்தே போய்க்கொண்டிருந்தன. குழந்தை அவள் மடங்கிய கையில் வாய் திறந்து தூங்கியது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வர்ற ஞாயித்துக்கெழமையே வெச்சிக்கலாம்” என்றாள்.

ஆபரேஷனுக்கு முன்னாடியா என்று கேட்டேன்.

“ம். போட்டோக்காரருக்கும் சொல்லிடு. கிட்டக்க வெச்சி எடுக்கச் சொல்லு, மூஞ்சி நல்லாத் தெரியணும். தெச்சிட்டா இந்த மூஞ்சி இருக்காதே. பெரிசானா கேக்கும் இல்ல, நான் பொறந்தப்ப எப்டி இருந்தேன்னு?”