புவனேந்திரன் தூக்கிய தண்ணீர்க் கேன்கள்

மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏறாத தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பத்தாம் நம்பர் லயம். அங்கே புவனேந்திரனின் கைகளைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. தெரியாமலிருக்க அவன் விட்டால்தானே? ஊரே சுவெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கும் மார்கழியிலும் அவன் கையில்லாத பெனியனோடுதான் வாசலில் நிற்பான். யாராவது நின்று பார்த்தால், தலை சொறிவது போலக் கையை மடக்கிக் காட்டுவான். வயது முப்பத்து மூன்று ஆகிறது. இந்த விளையாட்டு மட்டும் விடவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாலிபத்தில் அவன் ஈர்க்குச்சி. கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கத் தோள் கொடுக்கப் போனபோது, "நீ தள்ளு, தீப்பந்தத்தப் புடி" என்று எல்லோர் முன்னாலும் ஒருவன் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குள் கிடந்து அரித்தது. கொரோனாக் காலத்தில் தோட்டத்தை மூடி ஆட்களை வீட்டுக்குள் அடைத்தபோது, கைத்தொலைபேசியில் உடற்பயிற்சி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தொடங்கினான். பதுளைக்குப் போனால் ஜிம் இருக்கிறது, போகவர அரை நாள் பிடிக்கும். ஆகவே வீடே ஜிம் ஆனது.

பெயிண்ட் வாளி இரண்டில் சீமெந்தைக் கரைத்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகினான். அது நெஞ்சுக்கு. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் கதவு நிலைக்கு மேலே ஒரு மரக் கட்டையைக் குறுக்கே வைத்து அறைந்தான். அது தொங்குவதற்கு. கைகளுக்குத்தான் தோதாக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கண்ணெதிரிலேயே இருந்தன இரண்டு தண்ணீர்க் கேன்கள். ஒவ்வொன்றும் பத்து லிட்டர், பிடிப்பதற்குக் கைப்பிடி. வலது நூறு, இடது நூறு. வாசற்கதவை மட்டும் சாத்தமாட்டான்.

அந்தக் கேன்களுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால், பீலியிலிருந்து வந்தது என்பான். மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் அந்தப் பீலி லயத்துக்குக் கீழே, சறுக்கலான படிகளில் இறங்கிப் போக வேண்டிய பள்ளத்தில் இருந்தது. அங்கே போய்த் தண்ணீர் பிடிப்பது பெண்களின் வேலை. ஆண்கள் குளிக்கப் போவார்கள், கேனோடு போகமாட்டார்கள். போனால் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பெயர் வரும். அவன் மனைவி விஜயலெட்சுமி விடியற்காலையில் ஒரு நடை, கொழுந்து பறித்து மலையிலிருந்து திரும்பியதும் ஒரு நடை போய் வந்தாள். தொழிற்சாலையில் இரண்டு மணிக்கே வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழும் அவனுக்கு ஐந்தரைக்குக் கேன்கள் தயாராக இருக்கும். அவள் தூக்கி வந்து வைத்ததை அவன் தூக்கித் தூக்கி வைப்பான். இதில் வேடிக்கை ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. லயத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவள் உண்டானாள். நேர்த்தி வைக்காத கோயில் இல்லை, கேட்காத பேச்சில்லை. நான்காம் மாதம் நடந்தது. புவனேந்திரன் பதுளைக்குப் போய் அவளுக்கு மாதுளம்பழம் வாங்கி வந்தான், பாலுக்குச் சொல்லி வைத்தான், பிள்ளைக்குப் பெயர்கூடத் தேடினான். தன்னைப் போலக் கவனிக்கிற புருஷன் அந்த லயத்தில் இல்லை என்றே நம்பினான்.

ஒரு சாயந்தரம் வீடு பார்க்க வரும் மருத்துவமாது முஷ்ரிபா படியேறி வந்தபோது, அவன் இரண்டு கையிலும் கேனோடு நின்றான். பக்கத்து வீட்டு ரெங்கம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முஷ்ரிபா கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தாள். விஜயலெட்சுமியின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இந்த வீட்டுல தண்ணி தூக்குறது யாரு?"

புவனேந்திரனுக்கு வாயெல்லாம் பல். ஒரு கேனை நெஞ்சுவரைக்கும் மடக்கிக் காட்டினான்.

"நான்தான் மிஸ். ஒரு நாளைக்கு எரநூறு தடவ தூக்குறேன்."

வாசலில் பெண்கள் சிரித்தார்கள். முஷ்ரிபா சிரிக்கவில்லை. அவள் விஜயலெட்சுமியைப் பார்த்தாள். விஜயலெட்சுமி தரையைப் பார்த்தாள்.

"போன கிழம தங்கச்சிக்கு ரத்தம் பட்டிருக்கு. பாரம் தூக்கக் கூடாதுன்னு கிளினிக்குல ரெண்டு தரம் சொன்னேன். ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

தெரியாது. அந்த இரண்டு கேன்களையும் எங்கே வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. வாசல் சிரிப்பு அடங்கிப் போயிருந்தது, அதுதான் இன்னும் மோசம். வியாழக்கிழமை பதுளையில் ஸ்கேன் பார்த்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்லலாம், அதுவரை படுத்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முஷ்ரிபா இறங்கிப் போனாள். முதல் தடவையாக அவன் கதவைச் சாத்தினான். பெனியனுக்கு மேல் ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். தன் கைகளைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் தண்ணீருக்குப் போயிருப்பீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டால்? போயிருக்கமாட்டான். ரெங்கம்மாவிடம் சொல்லி ஒரு கேன் பிடித்துத் தரச் சொல்லியிருப்பான். அது அவனுக்கே நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் கேன்களோடு பீலிக்கு இறங்கினான். பேச்சுச் சத்தம் நின்றது. யாராவது கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் செய்யவில்லை. ரெங்கம்மா தன் குடத்தை நகர்த்தி, "நீங்க மொதல்ல புடிங்க தம்பி" என்று வழிவிட்டாள். நோயாளிக்கு விடுகிற வழி அது. ஏறும்போது ஈரப் படிகள் வழுக்கின. கைப்பிடி விரலை வெட்டியது. வீட்டில் இருநூறு தடவை தூக்குகிறவன், அந்தப் படிகளில் மூன்று இடத்தில் கேன்களை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான். வயிற்றுப் பிள்ளையோடு கூடைச் சுமை இறக்கிவிட்டு வந்தவள் எந்தெந்தப் படியில் நின்றிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட மேலேயிருந்து எட்டிப் பார்த்ததில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஏறினான்.

அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு அவன் மறுபடியும் கேன்களை எடுத்தான். கட்டிலில் படுத்திருந்த விஜயலெட்சுமி தலையைத் தூக்கினாள்.

"இப்ப எங்கங்க போறீங்க?"

சாயந்தரத் தண்ணீருக்கு என்றான்.

"காலையில கொண்டாந்ததே பாதிக்கு மேல கெடக்கு. வீட்டுக்கு அது போதுங்க."

அப்படியானால் அவள் தினமும் ஏன் இரண்டாவது நடை போனாள் என்று கேட்டான். அடுத்த காம்பராவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது ஒங்களுக்காகத்தான். தண்ணி கொறஞ்ச கேனு ஆடுது, தூக்க முடியலன்னு ஆரம்பத்துல ஒரு நாளு சத்தம் போட்டீங்கல்ல. அதுதான் நெறச்சு வச்சேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள். புவனேந்திரன் பாதிக் கேன்களோடு அதே இடத்தில் நின்றான். அவள் ஐந்து வருடமாக மறக்காமல் சுமந்த அந்தப் பேச்சை எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தான். சொன்னதாகவே அவனுக்கு நினைவில்லை.