கூடத்து உத்தரத்தில் ஒரு கொக்கி

நண்பர்களே, இன்று சாயங்காலம் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அதனால்தான் இதை எழுதி நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன்.

கிள்ளானில் வாங்கிய மனைக்கு நானே வீட்டுப் பிளான் போட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்து வருஷக்கணக்காகப் போட்ட கோடுகள். வீடு முடிந்ததும் ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் கப்பலில் அழைத்து வரவேண்டும்.

இன்று அதைச் சர்வே ஆபீசில் படம் வரையும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் காட்டினேன்.

சமையலறை ஜன்னல் கிழக்கே வேண்டும் என்று மனைவி கடிதத்தில் கேட்டிருந்தாள், அப்படியே போட்டிருந்தேன். அதுவும் சரி, இரண்டு அறைகளும் சரி என்றார். கூடத்து உத்தரத்தில் நான் போட்டிருந்த சிறு வட்டத்தில் மட்டும் பென்சிலை நிறுத்தினார்.

"இது என்ன, அண்ணை?"

"தூளி கட்டுறதுக்குக் கொக்கி. எங்க பாப்பாவுக்கு."

"பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?"

"எட்டு" என்று வாய் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. ரப்பரையும் எடுக்கவில்லை. மூன்றடி தள்ளி இன்னொரு வட்டம் போட்டார்.

"ரெண்டு கொக்கி இருந்தா ஊஞ்சல் கட்டலாம்."

எட்டு வயதுப் பெண் ஊஞ்சல் ஆடுவாளா, வெட்கப்படுவாளா? வீட்டில் பெண் பிள்ளை உள்ளவர்கள் இதன் கீழேயே எழுதிவிட்டுப் போங்கள். நான் கப்பல் ஏறியபோது என் மகளுக்கு உட்காரவே தெரியாது.