நான்காம் சேனலில் டேவிட்

போன சனிக்கிழமை காலை சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஒருவனைப் பார்த்ததும் சட்டென்று பக்கத்துத் துணிக்கடைக்குள் புகுந்துவிட்டேன். எனக்குத் துணி எதுவும் வேண்டியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, அது நைட்டி மட்டுமே விற்கிற கடை.

“மேடத்துக்கு என்ன சைஸ் சார்?” என்றார் கடைக்காரர். நான் முழித்தேன். அதற்குள் வாசலில் இருந்து அந்தக் குரல் வந்துவிட்டது.

“டேய் சேகர்... இந்தக் கலர் உனக்கு செட் ஆகாது மச்சி!”

டேவிட். ஒரு கையில் கறி, இன்னொரு கையில் கொத்தமல்லிக் கட்டு. எட்டு மாதமாக நான் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்த முகம். அவனோ சிரித்துக்கொண்டிருந்தான்.

பழைய வாசகர்களுக்கு டேவிட்டைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் ஐந்து நாள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு அமெச்சூர் பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறவன். அபார்ட்மென்ட் விழா, காஃபே, சர்ச் ஹால் — எங்கே கூப்பிட்டாலும் போவோம். பாட்டு ரேகா, டிரம்ஸ் முரளி, ரிதம் கிடார் டேவிட். பேண்டை ஆரம்பித்தவனே அவன்தான். நாங்கள் பிராக்டிஸ் பண்ணியதும் காக்ஸ் டவுனில் அவன் வீட்டு கார் ஷெட்டில்தான். காரை வெயிலில் விட்டுவிட்டு எங்களை நிழலில் வைத்திருந்தான்.

எங்கள் கூத்துகளை இந்தப் பக்கத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் முன்பு ஒரு வாசகி கேட்டிருந்தார் — ‘இப்போதெல்லாம் டேவிட் வருவதே இல்லையே, ஏன்?’ வேலை அதிகம் என்று பதில் போட்டேன்.

பொய். இந்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க ஒன்றும் இருக்காது, மன்னிக்கவும்.

இரண்டரை வருடம் முன்பு டேவிட்டின் இடது கை மோதிர விரல் விறைக்க ஆரம்பித்தது. சர்க்கரைதான் காரணம் என்றார் டாக்டர். ஒரு கார்டிலிருந்து, அதாவது ஒரு ஸ்வரக் கூட்டிலிருந்து, அடுத்ததற்கு விரல் மாற்றும்போது அரை நொடி தாமதம். அரை நொடிதானே என்கிறீர்களா? மேடையில் அரை நொடி என்பது ஒரு யுகம். வொயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் விழாவில் அவன் தாமதத்தால் ரேகா சரணத்தைத் தப்பாக எடுத்து, பாட்டை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. முன் வரிசையில் ஒரு மாமா எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்.

அன்று பார்க்கிங்கில் டேவிட் இல்லாத நேரம் பார்த்து முரளி வெடித்தான். “இப்படியே போனா நம்மள எவனும் கூப்பிட மாட்டான். யாராவது அவர்கிட்ட சொல்லுங்கப்பா.”

யார் சொல்வது? முரளி என்னைப் பார்த்தான். நான் ரேகாவைப் பார்த்தேன். “அய்யோ, நான் மாட்டேன்பா. சும்னே எதுக்கு அவர் மனச நோகடிக்கணும்? அவங்க வீட்டுக் காபிய குடிச்சிட்டு எப்படிச் சொல்றது?” என்றாள் அவள்.

அப்போதுதான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இம்ரான் வாயைத் திறந்தான். எங்கள் சவுண்ட் ஆள். நல்லவன்.

“டென்ஷன் நக்கோ சாப், டென்ஷனே வேணாம். டேவிட் சார் காதுக்கு மட்டும் அவர் கிடார அனுப்பறேன். வெளிய ஸ்பீக்கர்ல கட். அவருக்கும் தெரியாது, ஜனங்களுக்கும் தெரியாது.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேடையில் நாங்கள் எல்லோரும் காதில் இயர்ஃபோன் செருகியிருப்போம். யார் காதுக்கு எது போக வேண்டும், ஜனங்களுக்கு எது போக வேண்டும் என்று இம்ரான் ஹாலின் கடைசியில் உட்கார்ந்து மிக்ஸரில் — கொறிக்கிற மிக்ஸர் இல்லை — தனித்தனியாகப் பிரித்து அனுப்புவான். எலக்ட்ரிக் கிடார் ஒயர் வழியாக வெளியே வந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

ஆக, டேவிட்டுக்கு டேவிட் கேட்பான். வேறு யாருக்கும் கேட்க மாட்டான்.

மூன்று பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம். பாருங்கள், எவ்வளவு சுலபம்! யார் மனமும் புண்படவில்லை. இருந்தாலும் இம்ரான், “பண்ணிடட்டுமா சாப்?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். டேவிட் எனக்கு முப்பது வருட சிநேகிதன் என்று அவனுக்குத் தெரியும்.

“சரி” என்றேன். வேறு யாருமில்லை. நான்தான் சொன்னேன்.

அப்புறம் ஒன்றரை வருடம் எங்கள் ஷோக்கள் பிரமாதமாகப் போயின. தப்பே கிடையாது. தப்பு செய்கிறவனைத்தான் அணைத்து வைத்திருந்தோமே! அதைவிடக் கேவலம், ஒவ்வொரு ஷோ முடிந்ததும் அவன் தோளைத் தட்டினோம். “இன்னைக்கு ரிதம் சூப்பர் டேவிட்.” அவன் முகம் மலர்ந்துவிடும். வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொல்வானாம். ஸ்டெல்லா என்னைப் பார்க்கும்போது, “இப்பல்லாம் ரொம்ப நல்லா வாசிக்கிறாராமே அண்ணா?” என்று கேட்பாள். “ஆமாம்மா” என்பேன்.

இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன ஜூனில் அவர்களுடைய கல்யாண வெள்ளி விழா வந்தது. கன்டோன்மென்ட் பக்கம் சர்ச் ஹால், ஞாயிறு பூசை முடிந்து மதிய விருந்து. நாங்கள்தான் வாசிக்கிறோம். ஒரு மாதத்துக்கு முன்பே டேவிட் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“ஸ்டெல்லாவுக்காக ஒரு சின்ன பீஸ் போட்டிருக்கேன் மச்சி. பதினாறு பார்தான், ஒரு நிமிஷம் கூட வராது. நான் மட்டும் தனியா வாசிக்கறேன், அப்புறம் நீங்க எல்லாம் ஜாயின் பண்ணிக்கோங்க. ஓகேவா?”

எப்படி வேண்டாம் என்பது?

அவன் அத்திபெலேயில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறான். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த மாதம் முழுக்க மடியில் லஞ்ச் பேக்கைக் கிடார் மாதிரி பிடித்து, அந்த விறைத்த விரலை அதன் மேல் அமுக்கி அமுக்கிப் பழகியிருக்கிறான். பக்கத்து சீட்காரர் அவனுக்கு ஏதோ வலிப்பு என்று பயந்துவிட்டாராம். அவனே சொல்லிச் சிரித்தான்.

இம்ரானிடம் ‘அந்தப் பதினாறு பாருக்கு மட்டும் டேவிட்டைத் திறந்து விடு’ என்று சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

மறந்துவிட்டேன்.

எப்படி மறந்தாய் என்று கேட்காதீர்கள். நானே எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் அது அவ்வளவு பழகிப்போயிருந்தது... டேவிட்டை அணைத்து வைத்திருக்கிறோம் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

மேடையில் நின்று டேவிட் மைக்கில் சொன்னான். “இது என் வீட்டுக்காரிக்கு. இருபத்தஞ்சு வருஷம் என் கிடார் சத்தத்த சகிச்சுக்கிட்டதுக்கு.” ஹாலே சிரித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

என் காதில் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இம்ரானைத் தேடினேன். மிக்ஸர் அருகில் ஆள் இல்லை. கல்யாண போட்டோக்களைத் திரையில் காட்ட புரொஜெக்டர் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் கை ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கிடாரில் விரல்கள் ஓடுகின்றன, ஒரு ஸ்வரம் கூட வரவில்லை. “சவுண்ட் வரல! சவுண்ட்!” என்று யாரோ கத்தினார்கள். குழந்தைகள் சிரித்தன. முன் வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த ஸ்டெல்லா காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினாள்.

அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தான். காதில் இயர்ஃபோன். அவனுக்கு எல்லாம் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

இம்ரான் ஓடி வந்து சத்தத்தை ஏற்றியபோது கடைசி நாலு பார்தான் மிச்சம். அந்த நாலு பாரும் ஹால் முழுக்கக் கேட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள் — சுத்தமாக இருந்தது. ஒரு இடத்தில் கூட விரல் தாமதிக்கவில்லை.

கண்ணைத் திறந்த டேவிட் எங்கள் முகங்களைப் பார்த்தான். “கேபிள்... கேபிள் ப்ராப்ளம்” என்றேன் அவசரமாக. தலையாட்டினான். மீதிப் பாட்டுகளை வாசித்து முடித்தோம்.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். டேவிட் குவாலிட்டிக்காரன். குறை ஒன்று வந்தால் அதன் வேர் வரைக்கும் போகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கிடாரில் இருந்து ஆரம்பித்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். மேடையைத் தாண்டி, சுவரோரமாக, நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து, ஹாலின் கடைசி வரை. ஒன்றரை வருடத்தில் அவன் மிக்ஸர் பக்கம் போனதே இல்லை. எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மிக்ஸரில் யாருக்கு எந்த சேனல் என்று வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பார்கள். ஒன்றில் ரேகா. இரண்டில் முரளி. மூன்றில் சேகர். நான்கில் — ‘டேவிட். இயர் ஒன்லி’.

காதுக்கு மட்டும். இம்ரானின் அழகான கையெழுத்து. பல ஷோக்களில் கைபட்டு ஓரம் அழுக்கேறிய டேப்.

நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவன் படித்துவிட்டிருந்தான். அந்த எழுத்தைக் கட்டை விரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தான்.

“கேபிள் நல்லாத்தான் இருக்கு சேகர்” என்றான். “செக் பண்ணிட்டேன்.”

அவ்வளவுதான். அவன் வீட்டு விசேஷம் ஆயிற்றே, கோபித்துக்கொண்டு போக முடியுமா? பந்தியில் நின்று எல்லோருக்கும் பரிமாறினான். என் இலையிலும் ஒரு கரண்டி பிரியாணி கூடுதலாக வைத்தான். நான் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை... எப்படிச் சாப்பிட்டேன்?

அதன் பிறகு அவன் பிராக்டிசுக்குக் கூப்பிடவில்லை. நாங்களும் போகவில்லை. முரளியின் அபார்ட்மென்டுக்கு ஜாகையை மாற்றினோம். ‘டேவிட், பேசணும்’ என்று வாட்ஸப்பில் எத்தனை முறை தட்டி அழித்திருப்பேன் தெரியுமா? மனம் நோகக் கூடாது என்று ஆரம்பித்தோம். யார் மனம்? டேவிட் மனமா? கிடையவே கிடையாது. ஒரு கஷ்டமான பேச்சைப் பேசும் தைரியம் எங்களுக்கு இல்லை. அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்தோம். உங்கள் ஆபீஸ் மீட்டிங்கில், உங்கள் வீட்டு ஹாலில், எல்லோரும் தலையாட்டுகிற, ஆனால் யாருமே காதில் வாங்காத ஒருவர் இல்லையா? அவருக்கு எந்த சேனல் கொடுத்திருக்கிறீர்கள்?

சரி, நைட்டிக் கடை வாசலுக்கு வருகிறேன். தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க, கறிப் பையோடு நின்றவனிடம் ஒருவழியாகச் சொன்னேன்.

“டேவிட்... அன்னைக்கு இம்ரான்கிட்ட சரின்னு சொன்னது நான்தான்டா.”

“யாருன்னு நான் கேக்கவே இல்லையே” என்றான். “விழா முடிஞ்ச அடுத்த வாரமே இம்ரான் வீட்டுக்கு வந்தான். அழுதுட்டான் பாவம். யார் சொன்னாங்கன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. நீயா வருவேன்னு பாத்தேன்.”

எட்டு மாதம். காக்ஸ் டவுன் என் வீட்டில் இருந்து நடந்தால் இருபது நிமிஷம்.

“ஒரு வார்த்த மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, உழைச்சிருப்பேன். இல்ல, விட்டிருப்பேன். ரெண்டுல எதுன்னு நான்ல மச்சி முடிவு பண்ணியிருக்கணும்?”

“மன்னிச்சுடுறா. திரும்ப வந்துடு. நாளைக்கு சாயங்காலம் ஃப்ரேசர் டவுன்ல ஒரு காஃபேல ஷோ. அந்தப் பதினாறு பார நான் கேட்டேன்டா... கடைசி நாலு. சத்தியமா நல்லா இருந்துச்சு.”

டேவிட் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“இருக்கலாம்” என்றான். “ஆனா நீ நல்லா இருக்குன்னு சொன்னா இனிமே நான் எப்படிடா நம்பறது?”

கொத்தமல்லியில் பாதியைப் பிய்த்து என் பையில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காஃபேயில் வாசித்தோம். சுமாரான கூட்டம், சுமாரான கைதட்டல். முடிந்ததும் முரளி வந்து என் தோளில் தட்டி, “இன்னைக்கு பேஸ் சூப்பர் சேகர்!” என்றான்.

தேங்க்ஸ் சொல்லிவிட்டு, நேராகப் போய் மிக்ஸரில் என் சேனலுக்கு ஒட்டியிருந்த டேப்பைப் படித்துப் பார்த்தேன்.