செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முதுகுப்பை

முதல் தடவை ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கப் போனபோது நான் கொண்டுபோனது அண்ணாவின் பழைய முதுகுப்பை. கனடாவுக்குப் போகும்போது அவர் அதை அலுமாரிக்கு மேல் விட்டுவிட்டுப் போயிருந்தார். தடித்த கன்வஸ் துணி, உள்ளே இரும்புச் சட்டம். ஒன்றும் வைக்காமல் தூக்கினாலே மூச்சு வாங்கும். பெலிஹுல் ஓயாப் பக்கத்து ஏற்றத்தில் மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போக, நான் கடைசியில் தனியே இழுபட்டேன். திரும்பி வந்த பிறகும் தோள்பட்டையில் கன்றிய தழும்பு கிடந்தது. ஆனால் அந்த ஆற்றுக் குளிரை ஒருமுறை கண்டவளால் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஓகஸ்டில் திரும்பவும் போவதென்று சொன்னார்கள். இந்த முறை எனக்கென்று பாரமில்லாத ஒரு பை வாங்குவதென்று தீர்மானித்தேன்.

முதல் தடவை என்னைக் கூட்டிப் போனவள் கொள்ளுப்பிட்டியில் என்னோடு ஒரே ஒஃபிஸில் வேலை செய்த சிங்களப் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் அவளை 'அக்கே' என்பேன், அவள் என்னைத் தங்கச்சி என்று 'நங்கி' என்பாள். பள்ளிக்கூடத்தில் சாரணியாக இருந்தவள். லீவு நாளில் வீட்டில் இருந்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அம்மாவுக்கு முதலில் காம்ப் என்ற சொல்லே பிடிக்கவில்லை.

"காம்புக்கோ? சனம் காம்பில இருந்து எப்ப வெளியில வருவம் எண்டு ஏங்கிக்கொண்டு இருக்குது. நீ காசு குடுத்துக் காம்புக்குப் போறியே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்களுக்குக் காம்ப் என்றால் ஒன்றில் ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதிக் காம்ப். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எங்கள் லேனில் எவரும் நினைத்ததில்லை.

"போறதெண்டால் என்ரை ட்ரவலிங் பாக்கைக் கொண்டு போ. கையில தூக்கிக்கொண்டு போனால் ஒருத்தரும் பார்க்க மாட்டினம். முதுகில பாக்கோட தமிழ்ப் பிள்ளையொண்டு ரோட்டில போனால் என்ன நினைப்பாங்கள்?"

"மலையில ஏறேக்கை ரெண்டு கையும் சும்மா இருக்க வேணும் அம்மா."

"மலையில ஏறச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?"

ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நான் செய்ததெல்லாம் யாரோ கேட்டுச் செய்தவை. பொலிஸில் பதி என்றால் பதிந்தேன். அடையாள அட்டையைக் காட்டு, பஸ்ஸால் இறங்கு, லைனில் நில், பையைத் திற. எவரும் கேட்காமல் நானாகச் செய்த ஒரே காரியம் அந்த மலை ஏறினதுதான்.

புறக்கோட்டையில் ஒரு பைக்கடைக்குப் போனேன். வீட்டிலிருந்து அரிசிப் பொதிகளைக் கொண்டுபோயிருந்தேன். பாரம் வைக்காமல் எந்தப் பையும் தோளில் நன்றாகத்தான் இருக்கும் என்பதை அண்ணாவின் பை எனக்குக் கற்பித்திருந்தது. கடைக்கார முஸ்லிம் ஐயா நான் அரிசியை உள்ளே வைப்பதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்.

முதலில் ஒரு ஆமிப் பச்சை. பலமான துணிதான், ஆனால் பலத்துக்கேற்ற பாரம். அந்த நிறத்தை நான் முதுகில் போட்டுக்கொண்டு காலி வீதியில் இறங்கினால் என்ன நடக்கும் என்று நாங்கள் இருவருமே சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்தது கறுப்பு. அழகான பை. பக்கத்துக்குப் பக்கம் சிப், உள்ளேயும் வெளியேயும் குட்டிப் பொக்கற்றுகள். அரிசியோடு போட்டுக்கொண்டு கடைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். தோளுக்கு மெத்தென்று இருந்தது. ஆனால் அந்த மெத்தையும் சிப்புகளும் சேர்ந்து தனியே ஒரு பாரம். தவிர, ஒவ்வொரு பொக்கற்றையும் ஒவ்வொரு செக் பொயின்டிலும் நான் திறந்து காட்ட வேண்டும்.

கடைக்காரர் குரலைத் தணித்தார். "தங்கச்சி எந்தப் பக்கம்?"

"வெள்ளவத்தை."

"அப்ப கறுப்பு வேணாம், செக் பொயின்ட்ல சந்தேகப்படுவாங்க. சின்னதா ஒரு ஹேண்ட்பேக் ஈக்குது, காட்டவா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. என் முதுகில் என்ன கிடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்ததுதான் கோபம்.

மேல் தட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று தொங்கியது. கழற்றித் தரச் சொன்னேன். மெல்லிய நைலோன், சட்டம் இல்லை, ஒரே ஒரு பெரிய அறை, வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது. கையில் எடுத்தால் ஒரு சீலையின் பாரம்கூட இல்லை. தோள்பட்டி பையோடு சேருமிடத்தைப் பலமாக இழுத்துப் பார்த்தேன், தையல் அசையவில்லை. இடுப்பில் கட்ட அகலமான பட்டி இருந்தது. அரிசியை வைத்து அதைக் கட்டியதும் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கியது. குனிந்தேன், கைகளை உயர்த்தினேன், கடைப்படியில் ஏறி இறங்கினேன். இரண்டு நாள் பயணத்துக்கு இது போதும்.

"நிறம் கண்ணைக் குத்துதே," என்றார் அவர்.

"குத்தட்டும்," என்றேன்.

அடுத்த கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் அக்கே சாமான்களைப் பங்கிட்டாள். அடுப்பு, கத்தி, டோர்ச், பற்றரிகள், கூடாரம் எல்லாம் தன் பையிலும் மற்ற இரண்டு பேரின் பையிலும். எனக்கு அரிசி, பருப்பு, நிலத்தில் விரிக்கும் படங்கு.

"இது உனக்காகத்தான் நங்கி, செக் பொயின்டில் உன்னைப் பிடிக்கக் கூடாது," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்.

அது அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அரிசியையும் பருப்பையும் அவள் பக்கம் தள்ளினேன். "அரிசியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் நான் உங்கட விருந்தாளி. எனக்கு விருந்தாளியாக வர விருப்பமில்லை. கூடாரத்தை நான் கொண்டு வாறன், கம்பியோட."

அவள் கூடாரத்தைத் தந்தாள்.

போகிற அன்று வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தை வாசித்துவிட்டு, "கொஹேத யன்னே?" என்று கேட்டாள். எங்கே போகிறாய்.

"கேம்ப் எகக்கட்ட யனவா," என்றேன். ஒரு காம்புக்குப் போகிறேன். வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

"மொன கேம்ப் எகட்டத?" எந்தக் காம்புக்கு? அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் வந்து என் பையை மேசையில் கவிழ்த்தான். உடுப்பு, துவாய், கூடாரத் துணி. கடைசியில் கம்பிக் கட்டு. அது அக்கேயின் தமையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கூடாரம். கம்பிகள் துண்டு துண்டாக, உள்ளே இறப்பர் நாடா கோத்திருக்கும். கட்டை அவிழ்த்ததும் துண்டுகள் டக் டக்கென்று ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்து நீளக் கம்பியாக நிமிர்ந்தன. ஆமிக்காரன் பின்னால் துள்ளித் துவக்கை நீட்டினான். லைனில் நின்ற சனம் சிதறியது.

நான் அசையவில்லை. பயத்தில்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு உள்ளேயே ஒரு ஆத்திரம் கிளம்பியது. "கூடாரம்," என்றேன். "அடித்துக் காட்டட்டுமா?"

அதிகாரி ஒருவர் வந்தார். காட்டு என்றார்.

காலி வீதி நடைபாதையில் முழங்காலில் இருந்து துணியை விரித்தேன். கம்பிகளை வளைத்துச் செருகினேன். ஓரங்களை இழுத்து, முளைக்குப் பதிலாக என் சப்பாத்துகளை வைத்தேன். போகிற பஸ்களின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். கூடாரம் எழும்பி நின்றது. பெண் பொலிஸ் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதற்குள் படுக்கிறதா? உனக்கு வீடு இல்லையா?"

"இருக்கிறது."

"அப்படியென்றால் ஏன்?"

"ஆசாவட்ட," என்றேன். ஆசைக்கு. அவளிடம் சொல்வதற்கு என்னிடம் இருந்த முழுக் காரணமும் அதுதான்.

அவள் என் அடையாள அட்டையை அதிகாரியிடம் நீட்டினாள். அதிகாரி அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டார், வோக்கி டோக்கியில் யாரோடோ கதைத்தார், என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார். வெயில் ஏறியது. கடைசியில் போகலாம் என்றார்கள். ஆமிக்காரன் கூடாரத்தைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கப் போனான்.

"வேண்டாம். நானே வைக்கிறேன்."

"கெதியாக வை," என்றான்.

நான் கெதியாக வைக்கவில்லை. துணியைத் தட்டி மண்ணை உதறினேன். மூலைக்கு மூலை பிடித்து மடித்தேன். பாரமானதை முதுகுக்குக் கிட்ட வைக்க வேண்டும், அப்படியே வைத்தேன். இவ்வளவு நேரமும் நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன். இப்போது அவர்கள் நிற்கட்டும்.

புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அக்கேயும் மற்ற இருவரும் எனக்காகப் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். அக்கே என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினோம். வழியில் இன்னும் இரண்டு இடத்தில் இறக்கினார்கள். ஆற்றங்கரைக்கு வந்தபோது மழை தூறியது. முளையடிக்கக் கல்லை எடுத்தேன். அடித்த அடியெல்லாம் முளையை விட்டு விலகி மண்ணில் விழுந்தது. அக்கே கல்லை வாங்கி, மீதி முளைகளை அடித்தாள். அதற்கு நான் மறுக்கவில்லை.

கூடாரத்தை அக்கேயிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டார். "காலி வீதியில கூடாரம் அடிச்சனியாமே?"

"ஆர் சொன்னது?"

"கீழ் வீட்டுக்காரி பஸ்ஸுக்குள்ள இருந்து பார்த்தவவாம். உங்கட மகளைப் போல கிடந்தது, அவதானோ எண்டு கேட்டவ. ஊரெல்லாம் சொல்லப் போறா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அம்மா என் முதுகிலிருந்து பையைக் கழற்றினார். ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். அதன் பாரமின்மை அவரை ஆச்சரியப்படுத்தியிருக்க வேண்டும். இன்னொரு முறை தூக்கினார்.

"ஓம், என்ரை மகள்தான் எண்டு சொன்னனான். வேறென்ன சொல்லுறது? போய்க் குளி."

திங்கட்கிழமை நான் அந்தப் பையோடுதான் ஒஃபிஸுக்குப் போனேன். உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் குடையும் மட்டும்.