பெருங்காயம் கட்டின கதவு

எங்க சித்தப்பாவோட சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு தடவை எல்லாரையும் குடும்பத்தோட கப்பல்ல கூட்டிட்டுப் போச்சு. காரணம் கேட்டா சிரிப்பீங்க. ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா உலகத்துல இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துடும்னு ஒரு பயம் இருந்துச்சுல்ல, அது படுக்காம இருக்க ராப்பகலா வேலை பார்த்த கூட்டத்துல சித்தப்பாவும் ஒருத்தர். ஒண்ணும் படுக்கல. அந்த சந்தோஷத்துல ஒரு கப்பல் டூர். சிங்கப்பூர்ல ஏத்தி, கடல்ல ஒரு சுத்து சுத்தி, திரும்ப சிங்கப்பூர்லயே எறக்கி விடுவாங்களாம். எங்கேயும் போகாம இருக்கறதுக்கு எதுக்கு ஒரு கப்பல்னு எங்கப்பா கேட்டாரு. அவருக்கு டிக்கெட் இல்ல, அதான்.

சித்தப்பாவுக்கு அப்போ கல்யாணம் ஆகல. வீட்லேர்ந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாம்னாங்க. மொதல் பேரு அத்தையோடதுன்னு அவர் யாரையும் கேக்காமயே எழுதிக் குடுத்துட்டாரு. அத்தை, எங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அல்வால்ங்கற ஏரியாவுல எங்க வீட்லயேதான் இருந்தாங்க. சித்தப்பாவைப் படிக்க வெச்சதே அவங்கதான். அவங்களுக்கு நடுப்பார்வை போயிடுச்சு. எதிர்ல நிக்கற ஆளோட மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு புகை தெரியும், அவ்ளோதான். ஓரத்துல மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு. அப்போ கையைப் புடிச்சு நடத்த ஒரு ஆள் வேணுமில்ல? அப்படி ரெண்டாவது டிக்கெட்ல தொத்திக்கிட்டவன் நான். ஏழாங்கிளாஸ்.

இத்தனைக்கும் அல்வால்ல அத்தைக்கு யார் கையும் வேண்டியதில்ல. காய்கறிக்குத் தனியாத்தான் போவாங்க. ஒரு நாள் கூடப் போனப்ப பார்த்தேன், மூக்கைத் தூக்கிக்கிட்டே நடக்கறாங்க. பேக்கரி வாசல்ல ஒரு இழுப்பு, மிர்ச்சி பஜ்ஜி வண்டிகிட்ட ஒரு இழுப்பு, மாவு மில்லு வந்தா இன்னொரு இழுப்பு, அப்புறம் திரும்பறாங்க. அத்தைக்கு நாக்கு நீளம்னு நான் முடிவு பண்ணிட்டேன். வீட்ல வந்து அதை நடிச்சும் காட்டினேன். நல்ல கைத்தட்டல். நான் இன்னிக்கு நாலு பேர் கூடற எடத்துல கோமாளியா இருக்கேன்னா, அதுக்கு அங்கதான் பிள்ளையார் சுழி.

கப்பல்னா பாய்மரம், நங்கூரம்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். உள்ள போனா அது ஒரு லாட்ஜ். நீள வராண்டா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி நீலக் கம்பளம், ஒரே மாதிரி லைட்டு. ஏசி ஓடுறதுல ஒரு வாசனையும் கெடையாது. எனக்கும் அத்தைக்கும் ஒரு ரூம். சித்தப்பாவுக்கு வேற மாடியில அவர் சிநேகிதரோட.

மொத நாள் சாயந்திரமே மானம் போச்சு. நான் ஐஸ்க்ரீம் மிஷின்கிட்ட சொக்கிப்போய் நின்னுட்டேன். “நீ தின்னுட்டு வாடா, நான் போய்க்கறேன்”னு அத்தை கெளம்பிட்டாங்க. கதவுக்குச் சாவி கெடையாது, ஒரு அட்டைதான். அதை யாரோட ரூம் கதவுலயோ சொருகிச் சொருகி எடுத்திருக்காங்க. சத்தம் கேட்டு உள்ளேர்ந்து கதவு தெறந்துச்சு. உள்ள ஒரு வெள்ளைக்காரர், இடுப்புல துண்டு. நான் போய்ச் சேர்றப்ப அத்தை அவர்கிட்ட சாரி சொல்லிட்டிருந்தாங்க, அதுவும் பக்கத்துச் சுவத்தைப் பார்த்து. ஓரப்பார்வையில ஆள் தெரியணும்னா அவங்க அப்படித்தான் திரும்பணும். சுவத்துல யாரு இருக்காங்கன்னு அவர் தலையை நீட்டிப் பார்த்தாரு. எனக்கு அப்படியே கடல்ல குதிச்சுடலாம்னு இருந்துச்சு. நீச்சல் தெரியாது.

ரூமுக்கு வந்ததும் அத்தை பெட்டியைத் தொழாவினாங்க. கப்பல்காரன் சாம்பார்ல பெருங்காயம் போடமாட்டான்னு ஊர்லேர்ந்து ஒரு கட்டி கொண்டுவந்திருந்தாங்க. அதைக் கைக்குட்டையில முடிஞ்சு, எங்க கதவுக்கு வெளிப்பக்கம், கைப்பிடியில கட்டினாங்க.

“என்ன அத்தை, திருஷ்டிக்கா?”

“அப்படியே வெச்சுக்க.”

ரூம் கூட்ட வந்த பிலிப்பைன்ஸ் ஆளு அதைப் பார்த்து ஏதோ சாமி சமாச்சாரம்னு நெனச்சிருக்கணும். தொடாம, கொஞ்சம் குனிஞ்சு வேற போனாரு.

மறுநாள் நான் முழிக்கறப்ப அத்தை வெளிய போயிட்டுத் திரும்பி வந்திருந்தாங்க. தனியா. மொட்டைமாடிக்குப் போய் சூரியன் எந்திரிக்கறதைப் பார்த்தாங்களாம். மூஞ்செல்லாம் சிரிப்பு.

“உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியாம? எவ்ளோ பெருசுடா கடலு! என் ஓரக்கண்ணுக்கே அடங்கமாட்டேங்குது. நாளைக்கும் போவேன்.”

அன்னிக்குப் பூரா அத்தை லிஃப்ட்ல போறாங்க, வராங்க, என்னைக் கூப்பிடவே இல்ல. எப்படின்னு நான் யோசிக்கல. வேலை மிச்சம், அவ்ளோதான். கம்பெனி டைரக்டரோட பையன் கூட்டத்துல சேர்ந்துட்டேன். எங்க ஊர்லயே பணக்கார ஏரியா, ஜூப்ளி ஹில்ஸ் பையன். நடந்தா அவன் ஷூவுல லைட் எரியும். என் ஷூவுல சத்தம் மட்டும்தான் வரும்.

சாயந்திரம் அந்தக் கூட்டம் எங்க வராண்டா வழியா வந்துச்சு. டைரக்டர் பையன் நின்னான்.

“க்யா பாஸ் ஆரா ரே!” என்ன நாத்தம்டான்னு மூக்கைப் பொத்திக்கிட்டான்.

“எலி செத்துப் போச்சுடா”ன்னான் இன்னொருத்தன். ஒவ்வொரு கதவா மோந்துக்கிட்டே வந்து எங்க கதவுகிட்ட நின்னு, வாந்தி எடுக்கற மாதிரி நடிச்சாங்க. நானும் மூக்கைப் பொத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, எல்லாரையும்விட நல்லா நடிச்சது நான்தான்.

அப்போ லிஃப்ட் தெறந்து அத்தை வந்தாங்க. பட்டுப்புடவை, கீழ கான்வாஸ் ஷூ. சுவத்துல கையை வெச்சுக்கிட்டு, மூக்கைத் தூக்கிக்கிட்டு நடந்து வந்து, சரியா எங்க கதவுகிட்ட நின்னாங்க. பசங்க சிரிச்சாங்க. நான் சுவரோரமா ஒதுங்கினேன். அத்தை அட்டையைச் சொருகி உள்ள போயிட்டாங்க.

பசங்க போனதும் நான் உள்ள போய் குதிச்சேன்.

“அதை அவுருங்க அத்தை. நாறுது!”

“ரொம்பவாடா?”

“ஹவ், ரொம்பத்தான்! எல்லாரும் சிரிக்கறாங்க. அசிங்கமா இருக்கு எனக்கு.”

“நீயும்தானே மூக்கைப் பொத்தியிருந்தே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ ஓரமாத்தானே நின்னே.”

அவ்ளோதான் சொன்னாங்க. எந்திரிச்சுப் போய் முடிச்சை அவுத்து, பிளாஸ்டிக் பையில சுத்தி, பெட்டிக்கு அடியில வெச்சுட்டாங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவினாங்க. அப்புறம், “கை குடுடா, சாப்புடப் போலாம்”னாங்க.

அதுலேர்ந்து அத்தை என் கையை விடவே இல்ல. நானும் கெத்தா நடத்திக்கிட்டுப் போனேன். டைரக்டரோட சம்சாரம் என் கன்னத்தைத் தட்டி, இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையான்னு அவங்க பையனையே திட்டினாங்க. ஊருக்கு வந்ததும் ஸ்கூல்ல இதைப் பத்திக் கட்டுரை எழுதி ‘வெரி குட்’ வாங்கினேன்.

அதுக்கப்புறம் கல்யாணமோ காதுகுத்தோ, எங்க வீட்ல நாலு பேர் சேர்ந்தா ‘அத்தையும் பெருங்காயமும்’னு ஒரு அயிட்டம் நான் பண்ணுவேன். துண்டு கட்டின வெள்ளைக்காரர், குனிஞ்ச பிலிப்பைன்ஸ்காரர், எல்லா வேஷமும் நானே. அத்தைதான் எல்லாரையும்விட சத்தமா சிரிப்பாங்க. கொஞ்ச நாள் முன்னாடி சித்தப்பா வீட்டு விசேஷத்துலயும் பண்ணினேன். முடிஞ்சதும் என் பொண்ணு, எட்டு வயசு, தமிழ்ல பேசறதே அபூர்வம், அத்தைகிட்ட போய்க் கேட்டா:

“பட் ஒய் பாட்டி? எதுக்குக் கட்டினீங்க?”

“எல்லாக் கதவும் ஒண்ணுபோல இருந்துச்சு கண்ணு. நம்பர் என் கண்ணுக்குத் தெரியாது. வாசனை வந்தா நம்ம ரூம்.”

“அப்புறம் ஏன் எடுத்துட்டீங்க?”

“உங்கப்பாவுக்குக் கூச்சமா இருந்துச்சு. சின்னப்புள்ளைதானே.”

அத்தனை தடவை அந்தக் கதையைச் சொன்ன நான், ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்ல. கையில இருந்த தட்டை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னேன். ஏன்னா அந்தக் கதையில நான் யாருக்கும் சொல்லாத கடைசி நாள் ஒண்ணு இருக்கு. மறைக்கணும்னு இல்ல. அதுல சிரிக்க ஒண்ணுமில்லையேன்னு விட்டுட்டேன்.

அன்னிக்குக் காலையில நான் கண்ணு முழிக்கறப்ப அத்தை கட்டில் நுனியில ஒக்காந்திருந்தாங்க. தலை சீவி, புடவை மாத்தி, ஷூ நாடா கட்டி, மடியில அந்த அட்டையோட, கதவுப் பக்கம் திரும்பி. எவ்ளோ நேரமா அப்படி ஒக்காந்திருந்தாங்களோ.

“எந்திரிச்சிட்டியா? கை குடு, மேல போலாம்.”

“எழுப்பியிருக்கலாம்ல அத்தை?”

“நல்லாத் தூங்கிட்டிருந்தே.”

கூட்டிட்டுப் போனேன். சூரியன் எப்பவோ மேல வந்தாச்சு. கப்பல் சிங்கப்பூர் வந்து நின்னுடுச்சு. கடல் இல்ல. எங்க பார்த்தாலும் கிரேனும் கட்டடமும்தான். அத்தை கம்பியைப் புடிச்சுக்கிட்டு முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடினாங்க. நான் ஒவ்வொரு கட்டடமாக் காட்டி, எத்தனை மாடி, என்ன கலருன்னு வெளக்கமாச் சொன்னேன்.

“நல்லாச் சொல்றேடா”ன்னாங்க.

நான் மட்டும் வரலேன்னா இந்த அத்தை பாவம் என்ன பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.