நெல்லுக்குள் நின்ற மொறிஸ் மைனர்

சுனாமியில் மூழ்கிய அப்பாவின் மொறிஸ் மைனர், யுத்தம் முடியும்வரை எங்கள் கல்லடி வீட்டு வளவிலேயே கிடந்தது. உப்புநீர் புகுந்து எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சோதனைச் சாவடிகள் நீங்கிப் பாதை திறந்ததும் என் கணவர் கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் வான் வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்தார். மாமரத்தில் சங்கிலி கட்டி, நாங்கள் இருவருமாக அதைக் காருக்குள் இறக்கினோம்.

சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே உறுமியது! நான் போட்ட கூச்சலில் அயலவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

திருத்திய வண்டியை முதலில் களுதாவளைப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்த் தேங்காய் உடைப்பதுதான் எங்கள் வழக்கம்.

"பிரேக்க ஒருக்காப் பாப்பம் புள்ள" என்றார் என் கணவர்.

"முதல்ல கோயில், மறுகா பிரேக். ஏறுங்க!" என்று நானே ஓட்டினேன்.

கார் பறந்தது. வீதியோரமெங்கும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரை போனது, கார் நிற்கவில்லை!

அவர் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத் திருப்பினார். குவித்து வைத்திருந்த நெல்லுக்குள் கார் புதைந்து நின்றது. நெல்லுக்காரி ஓடி வந்தார்.

"என்னகா புள்ள, என்ட நெல்லுக்குள்ளயா கார் ஓடிப் பழகுறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சினை மாற்றிய நாங்கள், அதே உப்புநீரில் ஊறிய பிரேக் குழாயைப் பார்க்கவேயில்லை. அது துருவேறி உக்கி வெடித்திருந்தது. சிதறிய நெல்லைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

இப்போது திருத்துவதற்கென்று எந்தப் பழைய கார் எங்கள் வளவுக்கு வந்தாலும், முதலில் அதை நிற்கப் பழக்குகிறோம். ஓட்டமும் பிள்ளையாரும் அதற்குப் பிறகுதான்.